ரெண்டு பேர் ஆடும் துப்பாக்கி ஆட்டம்

ஜூலை 6, ஞாயிறு

காலையில் வெறும் தூறல். மழை இல்லை, காற்று மட்டும் ஊரையே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி. சர்ச்சில் பூசை முடிந்து வந்து துணி துவைத்தேன். இரண்டு தடவை கொடியிலிருந்து மண்ணில் விழுந்தது, இரண்டு தடவையும் அலசினேன்.

மதியம் பார்சல். அருளோடு குவைத்தில் வேலை செய்கிற யாரோ லீவில் வந்தவர், ஓசூரிலிருந்து கூரியரில் போட்டிருக்கிறார். மேலே என் பெயர், அருள் கையெழுத்து. கல்யாண நாளுக்கு ஒரு வாரமாவது வந்துவிட்டுப் போங்கள் என்று ஏப்ரலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஆள் வரவில்லை. பெட்டி வந்திருக்கிறது.

உள்ளே வி.ஆர். கண்ணாடி. தண்ணீருக்குள் நீந்துகிறவர்கள் போடுவது போலப் பெரிசாக, வெள்ளையாக. இரண்டு கைக்கும் இரண்டு பிடி. அத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கண்ணாஸ்பத்திரியில் வைப்பார்களே அதுவா என்று கேட்டார். மாமா தக்காளி மண்டியிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், இதை வாங்கத்தான் அவன் குவைத் போனானா என்றார். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மாமா சொன்னதில் எனக்குச் சரி என்று பட்டது இது ஒன்றுதான்.

சாயங்காலம் அருள் போன். ஸ்பீக்கரில் போட வேண்டும், இல்லாவிட்டால் அத்தை முகம் வாடும். முதலில் அம்மா, பிறகு அப்பா, பிறகு நான். தன்னிடமும் இதே கண்ணாடி இருக்கிறதாம். இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற துப்பாக்கி ஆட்டம் ஒன்று இருக்கிறதாம். முதல் இரண்டு கட்டம் இலவசம். பிடித்தால் நான் முழுசாக வாங்க வேண்டும். அவர் வாங்கியாகிவிட்டது.

"பக்கத்துல நிக்கற மாதிரியே இருக்கும் ரெஜி."

அத்தை எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அதனால் "சரிங்க" என்றேன்.

செப்டம்பரில் அவருடைய குவைத் ஒப்பந்தம் முடிகிறது, வந்துவிடுவார். இரண்டு மாதம். அதுவரைக்கும் எதற்கு இது?

ஜூலை 8, செவ்வாய்

லேபில் கூட்டம். காய்ச்சல் சீசன். ரத்தம் எடுக்கும்போது ஒரு பெரியவர் கையை உதறி, ஊசி போச்சு, பாதி நேரம் போச்சு. பாலக்கோட்டிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். குக்கர் வளையம் வாங்க மறந்தேன்.

கதவைச் சாத்தி, கண்ணாடியை மாட்டினேன். தனியாக.

இடிந்த கட்டடம். சுவரில் ஓட்டை, அதில் வெளிச்சம். குனிந்தால் கீழே என் பூட்ஸ் கால். கையைத் தூக்கினால் துப்பாக்கி. குண்டு தீர்ந்தால் இடுப்பிலிருந்து வேறு குண்டு அடுக்கை உருவி, துப்பாக்கி அடியில் குத்தி, மேலே இழுத்துவிட வேண்டும். இழுக்க மறந்தால் "டிக்" என்று மட்டும் சத்தம், அதற்குள் எதிரி மேலே வந்துவிடுகிறான். மூன்று தடவை செத்தேன். நான்காவது தடவை படிக்கட்டில் ஏறி வந்தவர்கள் எல்லோரையும் வீழ்த்தினேன். கடைசி ஆளைச் சுடும்போது பீரோவில் ஓங்கிக் குத்தினேன். மோதிரவிரல் வீக்கம்.

அத்தை கதவைத் தட்டினார். யாரோடு சண்டை என்று கேட்டார். ஆட்டம் என்றேன். கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றார், கீழ் இடுக்கில் கால் தெரிந்தது.

எரிச்சல் என்னவென்றால், நன்றாக இருக்கிறது. மட்டமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் மாட்டினேன்.

ஜூலை 10, வியாழன்

பஸ்ஸில் போனில், இந்த ஆட்டத்தைப் பற்றித் தமிழில் பேசுகிற பையன் ஒருவனின் வீடியோ. கண்டிப்பாக வாங்கலாம் என்கிறான். கடைசியில், தனியாக ஆடினால் வேஸ்ட், கூட ஆட நம்பிக்கையான ஆள் வேண்டும் என்கிறான். நிறுத்திவிட்டு ஜன்னல் வழியே பார்த்தேன். வெள்ளிச்சந்தை தாண்டும்வரை கோபம் அடங்கவில்லை. அவன்மேல் இல்லை.

வாங்கலாம் என்பதற்கு:
குறி வைப்பது பிடித்திருக்கிறது.
சத்தம் காதுக்குள்ளேயே, வெளியே கேட்காது.
போனில் பேச முடியாததைப் பேசலாமோ என்னவோ.

வேண்டாம் என்பதற்கு:
தலைசுற்றல். இறக்கி வைத்த பிறகும் தரை ஆடுகிறது.
நெற்றியில் கோடு. என்னடி அடி பட்டதா என்று லேபில் சாந்தி.
இடம் பத்தாது. கட்டில், பீரோ, அருளின் பழைய டி.வி. பெட்டி.
எதற்குச் சுடுகிறோம் என்று கடைசிவரை சொல்வதில்லை.
அவர் வாங்கச் சொல்கிறார்.

கடைசி காரணம் காரணமே இல்லை என்று தெரியும். இருக்கட்டும்.

ஜூலை 11, வெள்ளி

குவைத்தில் இன்று லீவு. ஏழு மணிக்கு இருவரும் உள்ளே.

பச்சை உடுப்பு, தலையில் ஹெல்மெட், முகத்துக்குக் கறுப்புத் துணி. அதற்குள்ளிருந்து அருள் குரல். தெருவில் நடந்தால் எனக்கு இடது பக்கம்தான் வருவார், இங்கேயும் அதே பக்கம் வந்து நின்றார். அதைப் பார்த்ததும் நான் அரை அடி நெருங்கி நின்றேன். ஒரு நிமிடம்கூட இல்லை, ஆரம்பித்துவிட்டார். குனி. அந்தப் பக்கம் பாரு. முன்னாடி போகாத. நான் சொன்னப்பறம் சுடு.

சொல்வதற்கு முன்பே சுட்டேன். கணக்கு முடிவில் வந்தது: அவரைவிட நான் அதிகம். உனக்கு எப்படி இவ்வளவு வருகிறது என்று கேட்டார். தினமும் நரம்பு தேடுகிற கை என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாள் ஆகிறது, ஸ்பீக்கரில் அப்படிச் சிரிக்க மாட்டார்.

இதில் ஒருவருக்கு அடிபட்டால் கீழே விழுந்துவிடுவார். எல்லாம் சாம்பல் நிறம் ஆகிவிடும். மற்றவர் போய்த் தோளில் கை வைத்துக்கொண்டிருந்தால் எழலாம். நேரம் தாண்டினால் ஆட்டம் தோல்வி. இரண்டு தடவை விழுந்தேன். இரண்டு தடவையும் ஓடி வந்தார்.

வெளியே வந்தால் அத்தை: "சுடுங்க, சுடுங்கன்னு கத்தினியே, யார சுடச் சொன்ன?"

என் பாதிப் பேச்சு அத்தைக்குக் கேட்கிறது. அருளுடைய பாதி கேட்கவில்லை. அது ஒரு சந்தோஷம்.

வாங்கிவிடலாமா என்று யோசனை. செப்டம்பரில் வந்த பிறகு ஒரே அறையில் இரண்டு பேரும் இதை மாட்டிக்கொண்டு நின்றால் முட்டிக்கொள்வோம். அதை நினைத்துச் சிரித்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

எழுதியே ஆக வேண்டும்.

ஏழு மணிக்கு மாட்டினேன். அருள் பெயர் பக்கத்தில் பச்சைப் புள்ளி. உள்ளே போனால் அதே ஹெல்மெட், அதே கறுப்புத் துணி. "ஏங்க" என்றேன்.

"அண்ணி, நான் மணிவேலுங்க. அண்ணன் குளிக்கப் போயிருக்காரு."

அறைத் தோழன். பென்னாகரம் பக்கம். போனில் ஓரிரு தடவை பேசியிருக்கிறேன், நல்ல மரியாதை. அண்ணன் இல்லாத நேரத்தில் எடுத்து மாட்டிப் பார்க்கிறானாம். பரவாயில்லை என்றேன். சும்மா நிற்க வேண்டாமே என்று இரண்டு பேருமாகக் கீழ்த்தளத்து எதிரிகளைத் தீர்த்தோம். நன்றாகச் சுடுகிறான். நடுவில், அவனாகவே, ஆறுதலாகத்தான் சொன்னான்.

"நீங்க இத வாங்கிருங்கண்ணி. இன்னும் ரெண்டு வருசம் ஓட்டணும்ல. கையெழுத்துப் போட்டதுல இருந்து அண்ணன் சரியாவே இல்ல. உங்களோட வெளையாடற அன்னிக்குத்தான் சாப்புடறாரு."

"எதுல கையெழுத்து?"

ஹெல்மெட் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியது. முகம் இல்லாவிட்டாலும் முழிக்கிறது தெரிந்தது.

"ஒண்ணுமில்லீங்கண்ணி. நான் ஒண்ணும் சொல்லலீங்க."

பச்சைப் புள்ளி அணைந்தது. நான் துப்பாக்கியோடு நடுக்கூடத்தில் நின்றேன். படிக்கட்டில் வந்தவர்கள் சுட்டார்கள். சாம்பல் நிறம். தோளில் கை வைக்க யாருமில்லை.

அருள் போன் மூன்று தடவை. எடுக்கவில்லை. சாப்பாடு வேண்டாம் என்றேன். தலைவலி என்று அத்தையிடம்.

ஒப்பந்தத்தை நீட்டியிருக்கிறார். இரண்டு வருடம். என்னைக் கேட்காமல். கேட்கக்கூட வேண்டாம், சொல்லியிருக்கலாம். பெட்டியை அனுப்பியபோதே தெரியும் அவருக்கு. ஆள் வராததற்குப் பதிலாக அனுப்பியது. பொம்மை கொடுத்து அழுகையை நிறுத்துகிற வேலை.

ஜூலை 16, புதன்

வெயில். தூசி. லேபில் ஒரு பாட்டிலை உடைத்தேன். என்றுமே உடைத்ததில்லை. சாந்தி எதுவும் கேட்காமல் கூட்டி அள்ளினாள். மதியம் அவளிடம் எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, உங்க வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும் பாரு என்றாள்.

அதுதான் நடந்தது.

சாயங்காலம் சமையல்கட்டில் அத்தை அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேட்டேன். மறுக்கவில்லை. அருள் மே மாதமே அவர்களிடம் சொல்லிவிட்டானாம். எனக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தது மாமாவாம்.

"சொன்னா நீ உங்கம்மா வூட்டுக்குப் போயிருவன்னாரு. எனக்கும் அதான் பயம்."

"உங்களுக்கு என்னங்கத்தை பயம்?"

காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ போய்ட்டா இந்த வூட்டுல நான் யாரோட பேசறது கண்ணு?"

திட்டுவதற்கு வாயில் வைத்திருந்தது எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. அதற்கும் ஆத்திரம். நிம்மதியாக ஒருத்தர்மேல் கோபப்படக்கூட விட மாட்டார்கள். மிச்சக் காயை நானே நார் எடுத்தேன். உள்ளே மாமா யாரையோ போனில் டேய் டேய் என்று கத்திக்கொண்டிருந்தார். தக்காளி விலை விழுந்துவிட்டதாம்.

அத்தை சொன்னார், அவனிடம் கோபமாகப் பேசாதே, தூரத்தில் இருக்கிறவன் என்று. தூரத்தில் இருப்பது யார்?

ஜூலை 17, வியாழன்

இரண்டு குறுஞ்செய்தி, நான்கு குரல்செய்தி. மணிவேலைத் திட்டினாராம். அவனை ஏன் திட்ட வேண்டும்? "நேர்ல சொல்லலாம்னு இருந்தேன்" என்று ஒன்று. எந்த நேர்?

ஒரே பதில் அனுப்பினேன்: நாளைக்கு ஏழு மணி, ஆட்டத்தில்.

போனில் பேசினால் ஸ்பீக்கர். மொட்டைமாடிக்குப் போனால் பக்கத்து வீடு. அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு மட்டும் கேட்க வேண்டும். அதற்கு இந்தக் கண்ணாடியைவிட நல்ல இடம் இந்த வீட்டில் இல்லை. இதையும் "வாங்கலாம்" பட்டியலில் எழுத வேண்டியதுதான்.

ஜூலை 18, வெள்ளி

முடிந்தது. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

உள்ளே வந்ததும் ஒன்றும் நடக்காதது போல, இன்று இரண்டாம் கட்டத்தைத் தாண்டிவிடலாம் என்றார். சரி என்றேன். பேசாமல் சுட்டோம். மாடிப்படியில் அவர் முன்னால் ஏறினார். மேலேயிருந்து ஒருவன் சுட்டான், அருள் விழுந்தார். அந்த ஒருவனை வீழ்த்திவிட்டு, போய் அவர் தலைமாட்டில் நின்றேன்.

"ரெஜி, தோள்ல கை வை. நேரம் ஓடுது."

"கையெழுத்துப் போட்டீங்களா?"

"மொதல்ல எழுப்பு. அப்பறம் பேசலாம்."

"படுத்துக்கிட்டே சொல்லுங்க."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கும், ஆட்டத்தில் கை எங்கே இருக்கிறதோ அங்கேதான் காட்டும்.

"போட்டேன்" என்றார்.

ஏன் என்று கேட்டேன். முதலில் வீட்டுக்காக என்றார், உனக்காக என்றார். பொய் சொல்லாதீங்க என்றேன். பிறகு சொன்னார், நான் எதிர்பார்க்காத ஒன்று.

"ஊருக்கு வந்தா மண்டியிலதான் நிக்கணும். அத்தன பேரு முன்னாடியும் அப்பா டேய்னு கூப்புடுவாரு, தக்காளிப் பொட்டிய காலால தள்ளி எடுத்து வைடாம்பாரு. எனக்கு முப்பத்திரண்டு வயசு ரெஜி. இங்க நான் ஏ.சி. ரிப்பேர்காரன்தான், ஆனா அருள்னு கூப்புடறாங்க. என்னால அங்க வர முடியல."

உண்மை. குரலில் தெரிந்தது. இரக்கமாகக்கூட இருந்தது, அரை நிமிடம். பிறகு வந்தது பாருங்கள் ஆத்திரம்.

"உங்களால இருக்க முடியாத வூட்லதான என்னைய விட்டுட்டுப் போயிருக்கீங்க."

நேரம் முடிந்தது. சுவரில் "தோல்வி" என்று வந்து, இருவரும் ஆட்டம் தொடங்குமுன் துப்பாக்கி எடுக்கிற அறைக்குத் திரும்பினோம். எதிரெதிரே நின்றோம். அவர் அழுகிறாரா என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. கறுப்புத் துணி. என்னுடைய முகமும் அவருக்கு அப்படித்தான்.

கழற்றினேன். கதவைத் திறந்தால் அத்தை, கையில் தண்ணீர்ச் சொம்போடு. என் பாதியைக் கேட்டிருக்கிறார். சொம்பைக் கொடுத்தார். குடித்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

பூசையில் மனம் நிற்கவில்லை. சாமியார் பிரசங்கம் என்னவென்று கேட்டால் தெரியாது.

வந்து கண்ணாடியைச் சார்ஜ் போட எடுத்தால் உள்ளே ஓர் அறிவிப்பு. அருள் உங்களுக்கு ஒரு விளையாட்டைப் பரிசளித்திருக்கிறார். அதே ஆட்டம். முழுசு.

சுவரில் அடித்திருப்பேன், கண்ணாடி பாவம்.

இரண்டு வாரமாக வாங்கலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பட்டியல் போட்டேன். வீடியோ பார்த்தேன். முடிவு என்னுடையது. அதையும் எடுத்துக்கொண்டார். இரண்டு வருடத்தை எடுத்துக்கொண்ட அதே மாதிரி, நல்லது செய்கிற நினைப்போடு.

போனை எடுத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் நடந்தேன், ஸ்பீக்கர் போடாமல். திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். உனக்குப் பிடித்திருக்கிறதே என்றார். பிடித்திருக்கிறது, அதனால்தான் நானே வாங்குவேன், வேண்டுமென்கிறபோது, என் சம்பளத்தில், என்றேன். புரியவில்லை அவருக்கு. குரல் ஏறியது.

"அப்ப உனக்கு என்னதான் வேணும்?"

கோபத்தில் கேட்டதுதான். ஆனால் கேட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து இந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை. பதில் தயாராக இருந்தது, எனக்கே ஆச்சரியம்.

"பாலக்கோட்டுல நான் தனியா வூடு பாக்கறேன். நீங்க எப்ப லீவுல வந்தாலும் நேரா அங்க வாங்க. மண்டிக்குப் போவ வேண்டியதில்ல. அங்க உங்கள யாரும் டேய்னு கூப்புட மாட்டாங்க."

அப்பாவிடம் யார் சொல்வது என்று கேட்டார். நீங்கள் சொல்லுங்கள் என்றேன். "பாக்கறேன்" என்றார்.

அவருடைய பாக்கறேன் எனக்குத் தெரியாதா.

சாயங்காலம் பரிசு மறைந்திருந்தது. திருப்பிவிட்டார். அந்த மட்டும் சொன்னதைச் செய்தார்.

ஜூலை 22, செவ்வாய்

லேப். சாந்தியின் சித்தி வீட்டில் மாடிப் பகுதி காலியாம். குக்கர் வளையம் வாங்கியாயிற்று. ரவிக்கை தைக்கக் கொடுத்தது இன்னும் வரவில்லை.

அருள் மாமாவிடம் வீட்டு விஷயம் பேசவில்லை. நேற்று போனில் அப்பாவிடம் தக்காளி விலை கேட்டார். அவ்வளவுதான்.

அத்தையிடம் வீடு பார்க்கிற விஷயத்தைச் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். எப்போது பார்க்கப் போகிறாய் என்று மட்டும் கேட்டார்.

ஜூலை 24, வியாழன்

அரை நாள் லீவு. அத்தையும் வந்தார். மாமாவிடம் பல் டாக்டர் என்று சொல்லிவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு. பஸ்ஸில் ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்தார்.

மாடியில் ஓர் அறை, சமையலுக்கு ஒரு மூலை, வெளியே கொஞ்சம் இடம். அத்தை குழாயைத் திறந்து பார்த்தார், கதவுத் தாழ்ப்பாளை மூன்று தடவை போட்டுப் பார்த்தார், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று சாந்தியின் சித்தியைக் குடைந்தார். நான் அறை நடுவில் நின்று இரண்டு கையையும் நீட்டி ஒரு சுற்றுச் சுற்றினேன். எங்கேயும் இடிக்கவில்லை. சித்தி ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"துப்பாக்கி வெளையாட்டு ஒண்ணு இருக்குதுங்க," என்றார் அத்தை, "அதுக்கு இடம் பாக்கறா." பிறகு, "என் மருமவ. பையன் வெளிநாட்டுல. பாத்துக்கங்க."

ஒன்றாம் தேதியிலிருந்து. முன்பணம் கொடுத்தேன்.

திரும்பும்போது மாமாவிடம் யார் சொல்வது என்று பேச்சு. அருள் சொல்லப் போவதில்லை, அது இருவருக்குமே தெரியும். நான் சொல்கிறேன், அவரோடு இத்தனை வருடம் இருந்தவள் நான் என்றார் அத்தை. வழி முழுக்க என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டில் மாமா நாற்காலியில். எங்கே இவ்வளவு நேரம் என்று ஒரு கத்து. அத்தை அப்படியே சமையல்கட்டுக்குள் போய்விட்டார். பாத்திரம் உருட்டுகிற சத்தம்.

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மாமா எதிரில் இருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன். இந்த வீட்டில் அவர் எதிரில் நான் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. அவருக்கும் அது உறைத்தது, வாய் நின்றது.

"மாமா, ஒண்ணாந் தேதியில இருந்து நான் பாலக்கோட்டுல இருக்கப் போறேங்க," என்றேன். "அத்தை வேணுங்கறப்ப வந்து போவாங்க."

சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது.